மகள் கட்டிய ரேடியோ



ரேடியோ என்றதும் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை வரும். நோன்பு காலத்தில் கஞ்சிக் கோப்பையையும் பேரீச்சம்பழத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, மஃரிபுடைய பாங்குக்காக வீடே ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது வரும். இன்றைக்கு அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. ஆகவே, வீட்டில் ஒரு ரேடியோவைக் கையால் செய்வது பற்றி எழுதப் போகிறேன் என்றால், இது ஆண் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சட்டி பானைகளோடும் நூலோடும் புழங்கிய கைகளுக்கு இந்த வேலையில் பாதி முன்பே தெரியும் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

முதலில், நான் எந்த ரேடியோவைச் சொல்கிறேன் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பாட்டும் செய்தியும் தருகின்ற ஒலிபரப்பு நிலையங்கள் ஒரு புறம் இருக்க, உலகமெங்கும் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டு அறையில் இருந்துகொண்டு சிற்றலையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். இதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். இடையில் கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை, மாதாந்தக் கட்டணமும் இல்லை. பேசுவதற்குப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். நம் நாட்டில் அதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகிறது. பெற்றவருக்கு ஓர் அழைப்புக் குறி உண்டு. இலங்கையர் பெரும்பாலானோரின் குறி 4எஸ்7 என்று தொடங்கும். இந்தியர்களின் குறி வி.யூ. என்று தொடங்கும். எங்கள் வீட்டில் கட்டியது கேட்கும் பெட்டி மட்டும்தான். அனுப்பும் கருவியில் நாங்கள் கை வைக்கவில்லை.

என் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தாள். என் வாப்பா ஒரு காலத்தில் கல்முனையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கடை போய்விட்டது, ஆனால் தகரப் பேணிகளில் அவர் சேர்த்து வைத்த சாமான்கள் போகவில்லை. பேத்தியும் மூத்தவாப்பாவுமாக அந்தப் பேணிகளைக் கவிழ்த்துக் கொட்டி உட்கார்ந்ததுதான் தொடக்கம்.

அவர்கள் கட்டிய முதலாவது பெட்டி மிக எளிமையானது. ஏரியலில் இருந்து வருகின்ற அலையை, பெட்டிக்குள்ளேயே நாம் உண்டாக்குகின்ற இன்னோர் அலையோடு கலக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் காதுக்குக் கேட்கும் சத்தமாக வந்துவிடும். 7,100 கிலோஹேட்ஸில் ஒருவர் பேசினால், நமது அலையும் 7,100 இல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். கலப்பதற்கு எஸ்.ஏ.612 என்ற ஒரு சிறிய ஐ.சி., சத்தத்தைப் பெருக்குவதற்கு எல்.எம்.386 என்ற இன்னொன்று, கொஞ்சம் கண்டென்சர், கொஞ்சம் ரெசிஸ்டர், கையால் சுற்றிய ஒரு சுருள். ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

பெட்டி வேலை செய்தது, அல்ஹம்துலில்லாஹ். முதல் நாள் காலையில் இந்தியாவில் இருந்து யாரோ இருவர் தென்னந்தோப்பைப் பற்றித் தமிழில் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு வீடே கூடிவிட்டது. ஆனால் மஃரிபுக்குப் பிறகு அதே பெட்டியைப் போட்டால் ஒரே சந்தை இரைச்சல். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேற்று மொழியில் செய்தியும் இசையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பேசுகின்ற மனிதர்கள் எங்கோ அடியில் முனகினார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. சிற்றலையில் 7,000 தொடக்கம் 7,200 கிலோஹேட்ஸ் வரை நமது பகுதியில் அமெச்சூர்களுக்குரியது. 7,200 ஐத் தாண்டிய உடனேயே வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களின் இடம் தொடங்குகிறது. அவை நூற்றுக்கணக்கான கிலோவாட் வலுவுடன் முழங்குபவை. அமெச்சூர் ஒருவரோ பெரும்பாலும் 100 வாட், சில வேளை 5 வாட் மட்டுமே அனுப்புகிறார். பகலில் தூரத்து நிலையங்களின் அலை எங்களை வந்து சேராது. இரவில் வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்துவிடும். பக்கத்து வீட்டில் கல்யாண ஒலிபெருக்கி அலறும்போது நம் வீட்டில் பிள்ளை ஓதுவதைக் கேட்க முயல்வது போன்ற கதை இது.

"சத்தத்தைக் கூட்டினால் சரிதானே?" என்று நான் கேட்டேன். வாப்பா சிரித்தார். "கூட்டினா எல்லாம்தான் மகள் கூடும். இப்ப வேணும் வடி."

வடி என்று அவர் சொன்னதுதான் பில்டர். பாடப்புத்தகத்தில் வடிகட்டி என்று இருக்கும். ரேடியோ கட்டுபவர்களுக்குப் பெருக்குவது பெரிய காரியமே இல்லை. இன்றைய ஐ.சி.கள் எந்தச் சிறு முனகலையும் முழக்கமாக்கித் தந்துவிடும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதில்தான் பெட்டியின் தரம் இருக்கிறது. நான் விளங்கிக்கொண்ட முறையில் அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வடி வைக்கக்கூடிய இடங்கள் மூன்று. ஏரியல் உள்ளே நுழைகின்ற வாசலில் ஒன்று, பெட்டியின் நடுவில் ஒன்று, சத்தம் வெளியேறுகின்ற முடிவில் ஒன்று. முடிவில் வைப்பதுதான் மலிவு; இரண்டு கண்டென்சரும் இரண்டு ரெசிஸ்டரும் போதும். புதிதாகச் செய்பவர்கள் பலர் இத்தோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாவில் கல் கிடந்தால் அரித்துவிட்டுத்தானே பிசைவோம்? பிசைந்து, பிழிந்து, இடியப்பம் அவிந்த பிறகு கல் பொறுக்கி என்ன பயன்! வலுவான நிலையம் கலக்கும் ஐ.சி.க்குள் ஒரு தடவை புகுந்துவிட்டால், அங்கேயே அது எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. பிறகு காதுக்குப் பக்கத்தில் எவ்வளவு வடித்தாலும் குழம்பியது தெளியாது.

வாசல் வடிக்கு ஒரு சுருளும் ஒரு கண்டென்சரும் ஒரு சோடி. அப்படி இரண்டு சோடிகளைப் பக்கத்தில் வைத்து, ஒரு சிறிய கண்டென்சரால் தொடுத்துவிட்டால், 7,000 க்கும் 7,200 க்கும் இடைப்பட்டது நன்றாக வரும். தூரத்தில் இருப்பவை குறைந்துவிடும். சுருளுக்கு டி50-2 என்ற, சிவப்புச் சாயம் பூசிய இரும்புத்தூள் வளையத்தை எடுத்தார்கள். கைவிரல் மோதிரத்தை விடச் சிறியது. அதில் 30 சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 4.4 மைக்ரோஹென்றி வரும். அதோடு 114 பிக்கோபராட் கொள்ளளவு சேர்ந்தால் 7,100 கிலோஹேட்ஸில் இசையும். கடையில் 114 என்று கண்டென்சர் இல்லை. ஆகவே 82 ஐப் போட்டு, மிச்சத்துக்குத் திருகித் திருத்தக்கூடிய சிறியதொன்றைப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும். கம்பி வளையத்தின் துவாரத்துக்குள்ளால் எத்தனை தரம் போகிறதோ அத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். வெளியில் தெரிவதை எண்ணக் கூடாது.

இந்தச் சுருள் விடயத்தில்தான் என் மாமியார் உள்ளே வந்தார். நாங்கள் மருதமுனைக்காரர். எங்கள் ஊரின் கைத்தறி பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாமி சிறு வயதில் தொடங்கி தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர். பேத்தி மேசையில் கம்பியும் சோல்டரிங் அயனுமாக இருப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பொம்புளப் புள்ளைக்கு இதென்ன கரைச்சல் புடிச்ச வேல? நாளைக்கு மாப்புள வீட்டாக்கள் வந்து கேட்டா, என்ட பேத்தி கம்பி சுத்துறா எண்டு சொல்றதா?" என்று இரண்டு கிழமையாக முணுமுணுத்தார். வந்து போன சாச்சிமாரும் அதற்குத் தலையாட்டினார்கள்.

ஆனால் ஒரு நாள் பேத்தி சுற்றிய சுருளைக் கண்டதும் அவருக்குத் தாங்க முடியவில்லை. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு பக்கம் நெருங்கி, ஒரு பக்கம் ஐதாகக் கிடந்தது. "இப்பிடியா சுத்துற? தா இஞ்ச!" என்று வாங்கிக் குலைத்து, கம்பியை விரலில் இழுத்து நேராக்கி, ஒவ்வொரு சுற்றையும் சம இடைவெளியில் இறுக்கி வைத்துக் கொடுத்தார். 30 சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. எண்ணிக்கையில் ஒன்றும் பிசகவில்லை. வாப்பா தமது கடையில் இருந்த எந்தப் பொடியனும் இப்படிச் சுற்றியதில்லை என்று சொன்னார். மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். ஆனாலும் அதன் பிறகு எங்கள் வீட்டுச் சுருள்களை வேறு யாரும் சுற்றியது கிடையாது.

சகோதரிகளே, இதைக் கதைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஹைதராபாத்தில் அஷ்ஹர் பர்ஹான் என்பவர் இருக்கிறார். இறக்குமதிச் சாமான்கள் கிடைக்காத இடத்திலும் ஏழை மாணவர்கள் கட்டக்கூடியதாக, பிட்எக்ஸ் என்ற பேசவும் கேட்கவும் கூடிய ஒரு கருவியின் வரைபடத்தை இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார். இரும்புத்தூள் வளையம் கிடைக்காதவர்களுக்கு அவர் சொன்ன வழி என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய்க்குப் போடுகின்ற வாஷரில் கம்பியைச் சுற்றுங்கள் என்பதுதான். 2016 இல் அதைப் பலகையில் பொருத்தி உலகம் முழுவதும் விற்கத் தொடங்கியபோது, சுருள்களைச் சுற்றியவர்கள் அந்த ஊர்ப் பெண்களின் குழு ஒன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ பேரின் மேசையில் அந்தப் பெண்கள் சுற்றிய கம்பி இருக்கிறது. மாமியிடம் மகள் இதை வாசித்துக் காட்டினாள். "அவளுகளுக்குக் கூலி ஒழுங்கா குடுக்கிறாங்களா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

இனி நடு வடிக்கு வருகிறேன். இரண்டாவது பெட்டியின் உயிர் அதுதான்.

வாசல் வடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் கண் பெரியது. பக்கத்துப் பக்கத்தில், 3 கிலோஹேட்ஸ் இடைவெளியில் நிற்கின்ற இருவரில் ஒருவரை மட்டும் எடுக்க அதனால் முடியாது. 7,000 கிலோஹேட்ஸில் சுருளையும் கண்டென்சரையும் வைத்து அவ்வளவு நுண்ணிய வடி செய்வதும் ஆகாத காரியம். இதற்கு ஒரு நல்ல உபாயத்தை 1918 இல் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். வருகின்ற அலை எதுவானாலும் அதை ஒரு நிலையான மீடிறனுக்கு மாற்றிவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் நல்ல வடியை வைப்பது. ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீராக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே வடியில் வடிப்பது போல. நம் வீட்டு ரேடியோக்கள் எல்லாம் நெடுங்காலம் இந்த முறையில்தான் அமைந்திருந்தன.

எங்கள் பெட்டியில் அந்த நிலையான இடம் 12,000 கிலோஹேட்ஸ். ஏன் 12,000? கணினிச் சாமான்களில் போடுகின்ற 12 மெகாஹேட்ஸ் பளிங்குகள் மலிவாக, எங்கும் கிடைப்பதனால். 'கிறிஸ்டல்' என்று கேட்டால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் தருவார்கள். அது தகர மூடிக்குள் இருக்கின்ற ஒரு சிறு குவாட்ஸ் தகடு. மின்சாரம் பட்டால் தன் அளவுக்கேற்ற ஒரே வேகத்தில் அதிரும்; மற்ற வேகங்களுக்கு அசையாது. இந்தப் பிடிவாதக் குணம்தான் நமக்கு வேண்டியது. நான்கு பளிங்குகளை ஒரு வரிசையில் தொடுத்து, இடையிலுள்ள ஒவ்வொரு சந்தியில் இருந்தும் ஒரு கண்டென்சரைப் பூமிக் கம்பிக்கு இறக்கினால் ஏணி போல் ஒரு வடி கிடைக்கும். பெட்டிக்குள் நாம் உண்டாக்குகின்ற அலை 4,800 இல் இருந்து 5,000 வரை நகர்ந்தால் போதும். 7,200 உம் 4,800 உம் கூடினால் 12,000, 7,000 உம் 5,000 உம் கூடினாலும் 12,000.

நான்கு பளிங்கிலும் 12.000 என்றுதான் எழுதியிருக்கும். எழுத்தை நம்பக் கூடாது. ஒன்றுக்கொன்று சில நூறு ஹேட்ஸ் வித்தியாசம் இருக்கும். பேச்சுக்கான வடிக்கு நான்கும் 50 ஹேட்ஸுக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று வாப்பா சொல்ல, ஒரே கம்பனியின் பளிங்கு இருபது வாங்கினோம். மகள் ஒவ்வொன்றாக ஒரு சோதனைச் சுற்றில் மாட்டி, அளவுமானியில் வருகின்ற எண்ணை அப்பியாசக் கொப்பியில் எழுதினாள். மணப்பெண்ணுக்கு வளையல் சோடி பார்ப்பதைவிட நீண்ட வேலை!

வடியின் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் சண்டை வந்ததும் இதில்தான்.

இடையிலுள்ள கண்டென்சர் சிறியதானால் வடி அகலும், பெரியதானால் ஒடுங்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் எது நல்லது என்று கேட்டால், யாரைக் கேட்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

மனிதக் குரலில் பேச்சு விளங்குவதற்கு ஏறத்தாழ 300 ஹேட்ஸில் இருந்து 2,700 வரை போதும். அமெச்சூர்கள் குரலின் ஒரு பக்க அலையை மட்டும் அனுப்புவதால் 2.4 கிலோஹேட்ஸ் அகலமுள்ள வடி அவர்களுக்குச் சரி. சாதாரண ரேடியோவில் இந்தப் பேச்சைக் கேட்டால் வாத்துக் கத்துவது போலிருக்கும். பெட்டிக்குள்ளே இன்னோர் அலையைச் சேர்த்தால்தான் அது மனிதக் குரலாகும். மோர்ஸ் என்ற 'டிட் டா' சங்கேதமோ ஒரே ஒரு சுரம். அதற்கு 500 ஹேட்ஸ் போதும். 2,400 இல் இருந்து 500 க்கு ஒடுக்கினால் உள்ளே வருகின்ற இரைச்சலின் வலுவும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும். குரலாகக் கேட்க முடியாத மெலிந்த நிலையத்தையும் மோர்ஸில் பிடிக்கலாம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் ஒடுக்கிக்கொண்டே போனால், குடத்துக்குள் தட்டுவது போல் ஒரு முழக்கம் வந்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு வேண்டியது வேறு. நான் சிறுமியாக இருந்தபோது சவூதியில் இருந்து சிற்றலையில் வந்த கிராஅத்தை வாப்பாவின் பழைய பெட்டியில் கேட்டு வளர்ந்தவள். அதுபோல் இந்தப் பெட்டியிலும் கேட்க முடியுமா என்றேன். 2.4 கிலோஹேட்ஸ் வடியில் ஓதலை விட்டுக் காட்டினார் வாப்பா. ஓதுவது தெரிந்தது, ஆனால் ஸீன் எது, தே எது என்று பிரிக்க முடியவில்லை. 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற எழுத்துகளின் கூர்மை எல்லாம் 3,000 ஹேட்ஸுக்கு மேலே இருக்கிறது. தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது இந்த எழுத்துகள் குழம்புவதும் இதனால்தான். ஓதலின் எழுத்துச் சுத்தம் வேண்டுமானால் வடி அகலமாக வேண்டும். அகலமானால் பக்கத்து நிலையமும் சேர்ந்து வரும். இரண்டையும் ஒரே வடியில் கேட்க வழியில்லை.

முடிவில் இப்படித் தீர்ந்தது. கிராஅத்துக்கு வாப்பாவின் பழைய ட்ரான்ஸிஸ்டர் பெட்டியே இருக்கட்டும். அதில் 455 கிலோஹேட்ஸில் தகரக் குவளைக்குள் இருக்கின்ற சுருள்கள்தான் வடி, அவை தாராளமாக விடும். மகளின் பெட்டி மனிதப் பேச்சுக்கு. இடையில் 100 பிக்கோபராட் கண்டென்சர்களைப் போட்டு, இரு முனைகளையும் பொருத்தமான ரெசிஸ்டரால் முடித்தார்கள். இந்த முடிப்புப் பொருந்தாவிட்டால் வடிக்குள் மேடு பள்ளம் விழுந்து குரல் கரகரக்கும். பலரது பெட்டி கெடுவது பளிங்கினால் அல்ல, இதனால்தான் என்பது வாப்பாவின் அனுபவம்.

அன்று இரவு, அதே மஃரிபுக்குப் பிறகு, அதே சந்தை இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் தனியாக வந்து நின்றது. குமிழை மயிரிழை திருப்பினால் அது போய் அடுத்தது வரும். நான் அதைச் சொல்லி முடிக்க மாட்டேன்.

இப்போது எல்லாவற்றையும் கணினியே கணக்குப் போட்டு வடித்துத் தருகின்ற ரேடியோக்கள் வந்துவிட்டன. திரையில் விரலை வைத்து அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நல்லதுதான். ஆனால் எந்த வடியாலும் ஆகாத ஒன்று உண்டு. நமது வீட்டு மலிவான எல்.ஈ.டி. மின்குமிழும் கைபேசி சார்ஜரும் எழுப்புகின்ற சீறல், நாம் கேட்கின்ற அதே இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மருந்து, சுவிட்சை அணைப்பது மட்டுமே.

சரி, இதெல்லாம் எதற்கு என்று சாச்சிமார் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் எங்கள் ஊருக்குள் வந்த நாள். மருதமுனையில் யாரை இழக்காத வீடு எது? நான் கைப்பிள்ளையோடு மேற்கே வயல் பக்கம் ஓடித் தப்பினேன். என் கணவர் அப்போது கட்டாரில். தொலைபேசி செத்துவிட்டது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளைப் பற்றி அவர் இன்றுவரை பேசுவதில்லை.

அதே நாட்களில் ஹம்பாந்தோட்டையில் தொடர்புகள் அறுந்து கிடந்தபோது, நம் நாட்டு அமெச்சூர்கள் சிற்றலைக் கருவியுடன் அங்கு போய்க் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்தமான் தீவில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, தற்செயலாக அந்த மாதம் ஓர் அமெச்சூர் குழுவோடு போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து உலகோடு பேசிக்கொண்டிருந்தார். பூமி அதிர்ந்து எல்லாம் நின்றதும், அவர் தமது நிலையத்தை அவசரச் செய்திக்கு மாற்றி, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல்களை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினார். ஒரு பெண், ஒரு மேசை, ஒரு கம்பி. எத்தனை வீட்டாருக்கு அந்த மூன்று நாள் ஒரு நாளாகக் குறைந்திருக்கும்! ஆபத்து நேரத்தில் நமது பிராந்திய அமெச்சூர்கள் கூடுவதற்கென்று 7,110 கிலோஹேட்ஸ் என்ற இடம் உண்டு. மகளின் பெட்டியில் அந்த இடத்துக்கு நேரே மாமியின் மருதோன்றியால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள்.

உங்கள் பிள்ளை கேட்டால், முதலில் அந்த எளிய பெட்டியையே கட்டவிடுங்கள். செலவு ஒரு பெருநாள் உடுப்புக்குள் அடங்கும். ஏரியலுக்கு இரண்டு தென்னைகளுக்கு இடையில், பக்கத்துக்கு 10 மீற்றராக இரண்டு கம்பி போதும். மின்சாரக் கம்பிக்குக் கிட்டவும் போகக் கூடாது. எனாமல் பூசிய கம்பியின் முனையைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. ஈயப் புகையை முகர விடாதீர்கள், வேலை முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள். மாரி காலத்தில் இடி கேட்குமுன்னே ஏரியலைக் கழற்றி வெளியில் போட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது மோர்ஸ் வடிக்கான வேலை நடக்கிறது. இருபதில் மிச்சமிருக்கும் பதினாறு பளிங்குகளில், 20 ஹேட்ஸுக்குள் ஒத்துப்போகும் நான்கைத் தேடுகிறாள் மகள். இவ்வளவு நுணுக்கத்துக்கு விரல் சூடு பட்டாலே எண் மாறிவிடுகிறதாம். ஆகவே சாவணத்தால் பிடித்து மாட்டி, ஒரு நிமிடம் ஆறவிட்டுத்தான் எழுதுகிறாள். அந்த நேரத்தில் மின்விசிறியும் ஓடக் கூடாது என்பது அவளது கட்டளை. நானும் மாமியும் வெக்கை தாங்காமல் விசிறி மட்டையோடு வாசலில் வந்து குந்தியிருக்கிறோம். இன்னும் ஒன்பது பளிங்கு பார்க்க இருக்கிறதாம்.